பாடம் எந்த முடிவிலிருந்து தொடங்குகிறது?

இந்த உரையின் பொருள் பாடத் திட்டமிடல். அதிலும், கற்றற்பேற்றை முதலில் தீர்மானித்து அங்கிருந்து பின்னோக்கி வரும் திட்டமிடல்.

நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றுக்கு ஆசிரியர் இரண்டு விதமாக ஆயத்தமாகலாம். பாடநூலைத் திறந்து, நேற்று நின்ற பக்கத்தைத் தேடி, ‘இன்றைக்கு எதைப் படிப்பிப்பது?’ என்று கேட்பது ஒரு விதம். பாடநூலைத் திறப்பதற்கு முன்னரே, ‘மணி அடிக்கும்போது பிள்ளைக்கு என்ன செய்ய முடியவேண்டும்?’ என்று கேட்பது மற்ற விதம். முதற் கேள்வி ஆசிரியரின் வேலையைப் பற்றியது. இரண்டாவது கேள்வி பிள்ளையின் வளர்ச்சியைப் பற்றியது. முதற் கேள்விக்கு விடை பாடநூலிலேயே இருக்கிறது. இரண்டாவதற்கு விடை தேட ஆசிரியர் சற்று வியர்க்கத்தான் வேண்டும்.

தச்சர் கதவுக்குப் பலகை அறுப்பதற்கு முன்னர் நிலையை அளக்கிறார். பலகையை அறுத்துவிட்டு, அதற்கேற்ற நிலையைத் தேடி ஊரைச் சுற்றும் தச்சரை எவரும் கண்டதில்லை. வகுப்பறையில் மட்டும் அது அன்றாடம் நடக்கிறது. பாடம் முடிகிறது; பிறகு வினா தயாரிக்கப்படுகிறது; பிறகுதான் பாடம் எதற்காக என்ற எண்ணம் எழுகிறது.

அமெரிக்கக் கல்வியியலாளர் ரால்ஃப் ரைலர் 1949இல் வெளியிட்ட சிறு நூலொன்றில் கலைத்திட்டம் வகுப்போர் கேட்கவேண்டிய நான்கு கேள்விகளை முன்வைத்தார். எந்த நோக்கங்களை அடைவது? அவற்றை அடைய எந்த அனுபவங்களைக் கொடுப்பது? அந்த அனுபவங்களை எப்படி ஒழுங்குபடுத்துவது? நோக்கங்கள் அடையப்பட்டனவா என்பதை எப்படி அறிவது? ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1998இல், கிராண்ட் விக்கின்ஸ், ஜே மக்டை ஆகிய இருவர் அந்த வரிசையில் ஒரு மாற்றம் செய்தனர். கடைசியில் நின்ற நான்காவது கேள்வியை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தனர். முதலில் பேறு. அடுத்து, பேறு கிட்டியதற்கான சான்று. அதன் பின்னரே செயற்பாடு. மாற்றம் இவ்வளவுதான். ஆனால் பாடக்குறிப்பு எழுதிப் பழகிய எவருக்கும் தெரியும், இந்த ஓர் இடமாற்றம் முழு வேலையையும் புரட்டிப்போடுகிறது என்று.

இது மேற்கிலிருந்து வந்த புதுச் சரக்கா? யாழ்ப்பாணத்தாருக்கு அப்படிச் சொல்ல உரிமையில்லை. இந்த மண்ணிலேயே, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், பேற்றிலிருந்து தொடங்கிப் பாடத்தை மாற்றியமைத்த ஒருவர் வாழ்ந்தார்.

வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அமெரிக்க மிஷனின் சார்பில் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு நோயாளரைப் பார்த்தார். உள்ளூர் இளைஞருக்கு மேலை மருத்துவமும் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். மாணவர் நன்றாகத் தேறினர். ஆனால் தேறியவர் எங்கே போனார்கள்? ஆங்கிலம் கற்ற மருத்துவருக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது; ஊரைவிட்டுப் போனார்கள். கிறீனுக்கு வேண்டியிருந்தது சான்றிதழ் பெற்றவர்களின் தொகையன்று. கிராமத்தில் தங்கி, கிராமத்தவரின் பேச்சில் நோயைக் கேட்டு, கிராமத்திலேயே மருந்து கொடுக்கும் வைத்தியர்களே அவருக்கு வேண்டியிருந்தனர்.

அந்தப் பேற்றை முன்னால் வைத்துப் பார்த்தபோது மொழி தவறு என்று தெரிந்தது. மொழி மாறவேண்டுமானால் நூல் வேண்டும். நூலுக்குக் கலைச்சொல் வேண்டும். கலைச்சொல்லுக்குத் தமிழறிந்தாரின் துணை வேண்டும். 1860களில் கிறீன் தமிழிலேயே மருத்துவ வகுப்பை நடத்தினார். உடற்கூறு, இரண வைத்தியம், இரசாயனம் என்று நூல்கள் ஒவ்வொன்றாகத் தமிழுக்கு வந்தன. ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூல் 1875இல் அச்சாயிற்று. அவரிடம் கற்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கிறீன் கற்பிக்கும் திறனில் குறை இருந்ததால் பாடத்தை மாற்றவில்லை. பாடம் நன்றாகவே நடந்தது. மாணவர் கெட்டிக்காரராகவே வெளியேறினர். நன்றாக நடந்த பாடம் வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை, அதனால் மாற்றினார். நன்றாக நடந்த பாடத்தை மாற்றும் துணிவு, பேற்றை முன்னால் வைப்பவருக்கு மட்டுமே வரும்.

இதே மிஷனின் இன்னொரு கதை இதற்கு மறுபக்கம். வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கியது. கணிதம், வானியல், தமிழ், ஆங்கிலம் என்று அக்காலத் தென்னாசியாவில் அரிதாகக் கிடைத்த உயர்கல்வி அங்கே கிடைத்தது. ஆனால் பொஸ்ரனிலிருந்த மிஷன் தலைமையகம் வேண்டிய பேறு வேறு: உள்ளூர்க் கிறிஸ்தவப் பணியாளர். கற்றவர் பெருவாரியாக அரசாங்க உத்தியோகத்துக்குப் போகின்றனர் என்பது கணக்கில் தெரிந்தபோது, 1855இல் செமினரி மூடப்பட்டது. இலக்கை அளந்து பார்த்து, அடையவில்லை என்று கண்டு, கதவையே சாத்திவிட்டனர். கிறீன் பாடத்தை மாற்றினார். செமினரியின் மேலாளர் பாடசாலையை நிறுத்தினர். பேற்றை முன்னால் வைப்பதில் இரண்டு பாதைகளும் உண்டு. செமினரியின் கதைக்கு இந்த உரை இன்னொரு முறை திரும்பிவரும்.

இனி இன்றைய பாடசாலைக்கு வரலாம். இலங்கையின் அரச கலைத்திட்டத்தில் பேற்றிலிருந்து தொடங்கும் எண்ணம் புதிதன்று. தேசிய கல்வி ஆணைக்குழுவின் 1992ஆம் ஆண்டு அறிக்கை அடிப்படைத் தேர்ச்சிகள் ஐந்தை வகுத்தது. 2003ஆம் ஆண்டு அறிக்கை அவற்றை ஏழாக்கியது. 1997இல் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தம் ஆரம்பப் பிரிவை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலையின் முடிவிலும் ஒவ்வொரு பிள்ளையும் அடைந்தே தீரவேண்டிய அத்தியாவசியக் கற்றற் தேர்ச்சிகளை முன்வைத்தது. 2007இல் ஆறாம் தரத்திலும் பத்தாம் தரத்திலும் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் தொடங்கியது; பின்னர் ஏனைய தரங்களுக்கும் பரவியது. மகரகமையில் தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்தால் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற்பேறு என்ற மூன்றும் வரிசையாக நிற்கும்.

ஆகவே பேறுகள் இல்லை என்பதன்று குறை. பேறுகள் அச்சிலேயே இருக்கின்றன. அப்படியானால் குறை எங்கே?

பாடக்குறிப்பு எழுதும் கையைக் கவனித்தால் தெரியும். தாளின் மேலே தேர்ச்சி, அதன் கீழே கற்றற்பேறு, அதன் கீழே செயற்பாடு, அடியில் கணிப்பீடு. படிவத்தின் வரிசை சரியாகவே இருக்கிறது. எழுதும் வரிசை வேறு. ஆசிரியர் முதலில் நடுவிலுள்ள செயற்பாட்டைத் தீர்மானிக்கிறார்: குழு வேலையா, விளக்கவுரையா, படம் காட்டலா? அது முடிந்ததும் வழிகாட்டியைப் புரட்டி மேற்பெட்டியை நிரப்புகிறார். கடைசியாக, கணிப்பீடு என்ற இடத்தில் ‘வினாக்கள் கேட்டல்’ என்று எழுதி மூடுகிறார். எந்த வினா? எழுதப்படுவதில்லை. எந்த விடை கிடைத்தால் பேறு கிட்டியதாகும்? அதுவும் எழுதப்படுவதில்லை. அதிபரின் கையொப்பத்துக்கு அது போதும். பிள்ளைக்கு?

பேற்றை எழுதும் வினைச்சொல்லும் சிக்கலுக்கு இடம் கொடுக்கிறது. ‘அறிந்துகொள்வர்’, ‘விளங்கிக்கொள்வர்’, ‘உணர்வர்’ என்பவை நல்ல சொற்களே. ஆனால் அவற்றைக் கண்ணால் காண முடியாது. ‘விளங்கினதோ?’ என்று ஆசிரியர் கேட்டால் ‘ஓம்’ என்று வகுப்பே சேர்ந்து சொல்லும். யாழ்ப்பாண வகுப்பறைகளில் இதைவிடப் பழைய சடங்கு வேறில்லை. ‘ஒப்பிடுவர்’, ‘காரணம் காட்டுவர்’, ‘வரைந்து பெயரிடுவர்’, ‘முன்னர் காணாத கணக்கில் பயன்படுத்துவர்’ என்று எழுதினால் அந்தச் சடங்குக்கு வேலையில்லாமற் போகும். மறுபுறம், ஒரே பாடவேளைக்கு ஏழு பேறுகளை நறுக்கி அடுக்குவதும் வீண்வேலை. நாற்பது நிமிடத்துக்கு ஒரு நல்ல பேறு தாராளம்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் வேறொன்று. யாழ்ப்பாணத்தில் முடிவிலிருந்து பாடத்தைத் திட்டமிடத் தெரிந்தவர் இல்லையா? இருக்கிறார்கள். மிகத் திறமையாகவே செய்கிறார்கள். ரியூசன் வகுப்பு நடத்தும் ஆசிரியரை விட உறுதியாக முடிவிலிருந்து தொடங்குபவர் குடாநாட்டில் வேறு யார்? பத்தாண்டுக் கடந்தகால வினாத்தாள்களை விரித்து வைக்கிறார். எந்த வினா எத்தனை முறை வந்தது, எந்தப் பகுதிக்கு எத்தனை புள்ளி, எந்த வடிவத்தில் விடை எழுதினால் புள்ளி விழும் என்று பார்க்கிறார். அங்கிருந்து பின்னோக்கி வந்து பாடத்தை அமைக்கிறார். முறையில் குறைசொல்ல எதுவுமில்லை.

ஆக, முடிவிலிருந்து தொடங்குவதா என்பது இங்கே கேள்வியே அல்ல. எந்த முடிவிலிருந்து என்பதே கேள்வி.

பரீட்சையே முடிவாகிவிட்ட இந்த நிலைக்குக் காரணம் பேராசையன்று. வற்றாத ஆறு இல்லாத நிலம். சிறு துண்டுத் தோட்டங்கள். அரசாங்க உத்தியோகமே உறுதியான வரும்படி. ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்’ என்று சொன்ன சமூகம் அது. 1970களின் தரப்படுத்தல் பல்கலைக்கழகக் கதவை இன்னும் ஒடுக்கியபோது ஒவ்வொரு புள்ளியும் உயிர்நாடியாயிற்று. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை பரீட்சைதான் ஏணி. அந்த ஏணியைப் பிடித்த பெற்றோரைக் கேலிசெய்வது எளிது, நியாயமன்று.

ஆனால் ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது முதுமொழி. பரீட்சை வினா அந்த ஒரு சோறு. பானை முழுவதும் வெந்திருக்கிறதா என்று அறிய ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம். அந்த ஒரு சோற்றை மட்டும் வேறாக அவித்துப் பானையின் மேல் வைத்தால்? பதம் பார்ப்பவர் திருப்தியோடு போவார். பந்தியில் இருப்பவர் அரிசியைத்தான் மெல்லவேண்டும். எதிர்பார்த்த வினா என்று பத்தைப் பாடமாக்கிச் சிறந்த பெறுபேறு பெற்ற பிள்ளை, பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டில் அதே பொருளில் சற்றே மாறிய கணக்கின் முன் திகைப்பது இந்த அரிசியை மெல்லும் வேளையில்தான்.

பேற்றிலிருந்து தொடங்கும் பாடம் உண்மையில் எப்படி இருக்கும்? எடுத்துக்காட்டு ஒன்றைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். குடாநாட்டுப் பிள்ளைகளுக்கு அன்றாடம் தெரிந்த பொருள்: கிணற்றுத் தண்ணீர்.

ஒன்பதாம் தர வகுப்பு. பொருள், நிலத்தடி நீர். வழக்கமான பாடம் எப்படித் தொடங்கும்? ‘நிலத்தின் கீழ்ப் பாறை இடுக்குகளில் சேர்ந்திருக்கும் நீர் நிலத்தடி நீர் எனப்படும்’ என்ற வரைவிலக்கணம், நீர்வட்டப் படம், நிலத்தடி நீரின் பயன்கள் ஐந்து, மாசுபடும் வழிகள் ஐந்து. பிள்ளைகள் எழுதிக்கொள்வர். கொப்பி அழகாக இருக்கும்.

இப்போது மறுமுனையிலிருந்து. பேறு இப்படி எழுதப்படுகிறது: ‘தோட்டக் கிணற்று நீர் சவராவதற்கான காரணத்தை நன்னீர், கடல்நீர் ஆகியவற்றின் அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு மாணவர் விளக்குவர், இறைப்பைப் பற்றிக் காரணத்தோடு ஆலோசனை கூறுவர்.’

அடுத்தது செயற்பாடு அன்று, சான்று. இதுதான் பொறுமை வேண்டிய இடம். மாணவர் முன்னர் காணாத ஒரு நிலைமை எழுதப்படுகிறது. கடலிலிருந்து அதிக தொலைவில்லாத தோட்டம் ஒன்று. வெங்காயத்துக்குக் காலை முதல் மாலை வரை இயந்திரத்தால் இறைக்கிறார்கள். ஆவணி மாதத்தில் நீர் சவர்க்கத் தொடங்குகிறது. பக்கத்துத் தோட்டக்காரர், ‘கிணற்றை இன்னும் பத்தடி ஆழமாக்கு, நல்ல தண்ணீர் வரும்’ என்கிறார். அவர் சொல்வது சரியா? படத்தோடு அரைப்பக்கத்தில் விடை தருக.

வரைவிலக்கணத்தை மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே என்ன எழுதும்? ‘ஆழமாகத் தோண்டினால் அதிக நீர் கிடைக்கும்’ என்று எழுதும். அது பொதுவில் சரி போலத் தோன்றும். யாழ்ப்பாணத்தில் தவறு. ஏன் தவறு என்று சொல்ல, பிள்ளைக்கு நான்கு விடயம் தெரிந்திருக்க வேண்டும். குடாநாட்டின் அடியிலுள்ள சுண்ணக்கல் துளையும் வெடிப்பும் நிறைந்தது. வடகீழ்ப் பருவமழை அதில் இறங்கிச் சேர்கிறது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்து, உள்ளேயும் கடனீரேரி புகுந்த நிலத்தில், சேர்ந்த நன்னீர் கடல்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. மேலேயுள்ள நன்னீரை இறைத்தால் கீழேயுள்ள உப்புநீர் எழுகிறது.

எவ்வளவு எழுகிறது? இங்கே ஓர் அழகான கணக்கு இருக்கிறது. ஒரு கனமீற்றர் நன்னீரின் திணிவு ஏறத்தாழ 1000 கிலோகிராம். கடல்நீர் 1025 கிலோகிராம். வேறுபாடு 25. ஆயிரத்தை இருபத்தைந்தால் வகுத்தால் நாற்பது. அதாவது கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்து, அந்தக் குறைவு நீடித்தால், கீழே நாற்பதடி பறிபோகும். வெடிப்பு நிறைந்த சுண்ணக்கல்லில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் போக்கு இதுதான். அடர்த்தி என்ற பாடம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை குடாநாட்டில் கிடையாது.

சான்று எழுதி முடிந்தது. இனித்தான் செயற்பாடு. இந்த இடத்தில் பேறு ஒரு சல்லடை போல வேலை செய்கிறது. ஆசிரியருக்கு மூன்று யோசனை தோன்றலாம். பிள்ளைகள் தத்தம் வீட்டுக் கிணற்று நீரைக் கொண்டுவந்து, உலோகத் தட்டில் வற்றவைத்து, எஞ்சும் வெள்ளைப் படிவை ஒப்பிடுவது ஒன்று. பார்ப்பதற்கு மிக நல்ல செயற்பாடு. ஆனால் சுண்ணக்கல் நிலத்தின் நீர், சவர்த்தாலும் சவர்க்காவிட்டாலும், வெள்ளைப் படிவை விடும், அது சுண்ணாம்பு. உப்பைப் பற்றி அது எதையும் உறுதியாகச் சொல்லாது. ஆகவே இந்தச் செயற்பாடு விலகுகிறது. ஆய்வுகூடத்தில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் இருந்தால் சில துளி விட்டுப் பார்க்கலாம். குளோரைட்டு கூடிய நீரில் வெண்ணிற வீழ்படிவு கூடுதலாகத் தெரியும். அது தங்குகிறது. மூன்றாவது எளியது: கண்ணாடிக் குவளையில் நிறமூட்டிய உப்புநீர், அதன்மேல் கரண்டியின் முதுகு வழியே மெல்ல ஊற்றிய நன்னீர், மேலடுக்கில் ஓர் உறிஞ்சுகுழாய். மெல்ல உறிஞ்சினால் நன்னீர் வரும். விடாமல் உறிஞ்சினால் அடியிலிருந்து நிறம் மேலேறி வரும். அந்த நிறம் ஏறும் கணத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். வீட்டில் வெங்காயத் தோட்டம் உள்ள பிள்ளை முதலில் வாய் திறக்கும்.

நிலாவரைக்குச் சுற்றுலா? புத்தூருக்கு அருகே உள்ள அந்தக் கிணற்றைப் பார்க்காத யாழ்ப்பாணப் பிள்ளை குறைவு. இராமர் அம்பெய்து தோற்றுவித்தார் என்பதும், அதில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்தது என்பதும் ஊர்க்கதை. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர் என்பது அறிவியல். பேறு கையில் இல்லாமல் போனால் அது ஐஸ்கிறீம் குடிக்கும் பயணம். பேறு கையில் இருந்தால், அதே கிணறு, மிதக்கும் நன்னீர் வில்லையை நேரே பார்க்க நிலம் திறந்துவைத்த சாளரம். எலுமிச்சம்பழக் கதையும் வீணாகாது. நிலத்தடியில் நீர் வெடிப்புகள் வழியே தொலைவுக்குப் பாய்கிறது என்ற எண்ணம் ஊரவர் மனத்தில் முன்னரே இருந்ததற்கு அது அடையாளம். அப்படியானால் ஒரு கிணற்றில் கலக்கும் எண்ணெயும், தோட்டத்து உரத்தின் நைத்திரேற்றும், மலகூடக் குழியின் கழிவும் அடுத்த கிணற்றுக்குப் போகாதா? சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததைக் கேள்விப்பட்ட பிள்ளைகள் அந்தக் கேள்வியைத் தாமாகவே கேட்பர்.

ஒன்பதாம் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்கு இறங்கினாலும் கதை இதுவே. தமிழ்ப் பாடநூலின் பக்கத்தைப் பிள்ளை கணீரென்று வாசிக்கிறது; தாய்க்குப் பெருமை. புத்தகத்தை மூடினாலும் அந்தப் பிள்ளை தொடர்ந்து ‘வாசிக்கும்’. விரல் ஒரு வரியில் நிற்கும். வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். வாசித்தல் என்ற பேற்றுக்கு அந்தப் பக்கம் சான்றாகாது. தெரிந்த எழுத்துகளாலான, ஆனால் முன்னர் காணாத இரண்டு வசனங்கள் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்கப்படவேண்டும். அந்தத் துண்டுக் கடதாசி பாடத்துக்கு முன்னரே ஆசிரியரின் கைப்பையில் இருந்தால், கற்பிக்கும் முறையும் தானாக மாறும். பக்கத்தை உருப்போட வைப்பதில் பயனில்லை என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

கணிதத்துக்கும் ஒரு சொல். செவ்வகத்தின் பரப்பளவு நீளம் பெருக்கல் அகலம் என்று ஒப்புவிக்கும் பிள்ளையிடம், ‘உங்கள் வளவு எத்தனை பரப்பு?’ என்று கேட்டுப் பார்க்கலாம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு பத்துப் பேர்ச். சதுர அடியில் 2722.5. உறுதியில் எழுதியிருப்பதையும் வேலியோரம் அளந்ததையும் ஒப்பிட்டுச் சொல்லும் பிள்ளை பரப்பளவைக் கற்றது.

இனி மறுப்புகள். ‘சிலபஸ் முடிக்க வேண்டாமோ?’ என்பது முதல் மறுப்பு. ஆசிரியர் அறையில் எப்போதும் எழுவது. நேரம் போதாது என்பது உண்மை. ஆனால் முடிந்தது எது? பாடநூலின் பக்கம் முடிந்தது. பக்கம் முடிவதும் பிள்ளை கற்பதும் ஒன்றல்ல என்று தெரிந்துகொண்டே பக்கத்தை எண்ணுவது ஆசிரியர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதாகும். பேற்றை முன்னால் வைப்பவர் எதை விடலாம் என்பதையும் அறிவார். நிலத்தடி நீரின் பயன்கள் ஐந்தையும் பிள்ளை வீட்டில் வாசித்துக்கொள்ளும்.

இரண்டாவது மறுப்பு சிறிய பாடசாலைகளிலிருந்து வரும். தீவகத்திலும் கரையோரத்திலும் பிள்ளைகள் குறைந்த பாடசாலைகளில் ஒரே ஆசிரியர் இரண்டு தரங்களைச் சேர்த்துப் படிப்பிக்க நேரும். அங்கே இந்த முறை ஆடம்பரமா? அங்கேதான் இது கைகொடுக்கும். இரண்டு தரத்துப் பாடநூல்களையும் ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாக ஓட்ட எவராலும் முடியாது. ஒரே பொருளுக்கு இரண்டு தரங்களுக்கும் இரண்டு பேறுகள், இரண்டு சான்றுகள், ஒரே செயற்பாடு என்று அமைக்க முடியும்.

மூன்றாவது மறுப்பே உண்மையில் கனமானது. கல்வி முழுவதையும் முன்கூட்டி எழுதிவிட முடியுமா? கவிதையைச் சுவைப்பதற்கு எந்த வினைச்சொல்? ஓவியம் தீட்டும் பிள்ளையின் படம் எப்படி முடியவேண்டும் என்று முன்னரே எழுதிவைத்தால் அது ஓவியமா? அமெரிக்கக் கலைக்கல்வியாளர் எலியட் ஐஸ்னர் 1960களிலேயே இதை எழுப்பினார். சில பாடங்களில் ஆசிரியர் அமைக்க வேண்டியது சந்திப்பை மட்டுமே. அதிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் வெவ்வேறு இடத்துக்குப் போகலாம் என்பது அவர் வாதம்.

இங்கேதான் வட்டுக்கோட்டைச் செமினரி திரும்பவும் நினைவுக்கு வருகிறது. இலக்கை அடையவில்லை என்று மூடப்பட்ட அந்தச் செமினரியில் கற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான அவரும் கறோல் விசுவநாதபிள்ளையும் அந்த வளவில் படித்தவர்களே. ஏட்டுச் சுவடியில் செல்லரித்துக் கொண்டிருந்த தொல்காப்பிய உரைகளையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியவர் தாமோதரம்பிள்ளை. மிஷனின் எந்தப் பேற்றுப் பட்டியலில் கலித்தொகை இருந்தது? அங்கே நடந்த நல்ல கல்வி, திட்டமிட்டவர் நினையாத பேற்றைத் தந்தது. அளவுகோலை அவர்கள் கடுமையாகப் பிடித்ததால், கையில் இருந்த விளைச்சல் கண்ணில் படவில்லை. பேற்றை எழுதுவது தேவை. எழுதிய பேறு ஒன்றே பேறு என்று எண்ணினால் செமினரியை மூடியவரின் பிழை திரும்பவும் நடக்கும். தமிழிலக்கியப் பாடவேளைக்கும் சித்திரப் பாடவேளைக்கும் சற்றுத் தளர்ந்த கயிறு வேண்டும். கிணற்றுத் தண்ணீருக்கும் பரப்பளவுக்கும் இறுகிய கயிறே பொருத்தம்.

கோப்பாயில் ஆசிரியர் கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் ஆசிரியரை உருவாக்குகின்றன. அங்கே கற்பித்தற் பயிற்சிக்குப் புறப்படும் இளம் ஆசிரியரின் பாடக்குறிப்பில் செயற்பாடு மிக அழகாக இருக்கும்: வண்ண அட்டை, பாட்டு, குழுவுக்குப் பெயர், அட்டைக்கு ஒட்டு. மேற்பார்வையாளர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த வண்ண அட்டை இல்லாமலே பிள்ளை இந்தப் பேற்றைக் காட்ட முடியுமா? முடியுமானால், அட்டைக்குச் செலவான இரவு நல்ல வினா ஒன்றுக்குச் செலவாகியிருக்கலாம்.

அவையிலுள்ள ஆசிரியர்களிடம் வைக்கப்படும் வேண்டுகோள் சிறியது. அடுத்த தவணையில் ஓர் அலகு போதும். பாடக்குறிப்பில் செயற்பாட்டுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, முதலில் பேற்றையும் அதற்கான சான்றையும் முழு வினாவாக எழுதவேண்டும். எழுதியதைப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்து, ‘விளங்காத பிள்ளையும் பாடமாக்கி இந்த வினாவுக்குப் புள்ளி வாங்கிவிடுமோ?’ என்று கேட்கவேண்டும். வாங்கும் என்று அவர் சொன்னால், வெண்கட்டியை எடுப்பதற்கு முன்னர் அந்த வினாவை மறுபடியும் எழுதவேண்டும்.